கொரிய ஸ்டாம்புகளில் கற்கோபுரங்கள்: எது எது, இன்றும் அதே மாதிரி நிற்பது எது?

மழைத்தாள்:

வணக்கம். ஸ்டாம்ப் விஷயத்தில் நான் கத்துக்குட்டி. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷமாகக் கொரியாவில், தேஜொன் நகரத்தில் இருக்கிறோம். இன்னும் ஆறு வாரத்தில் மூட்டை கட்டியாக வேண்டும். கீழ்த்தளத்தில் இருந்த பாட்டி மகன் வீட்டுக்குக் குடிபோகும்போது ஒரு துருப்பிடித்த பிஸ்கட் டின்னை என் கையில் திணித்துவிட்டுப் போனார். உள்ளே பழைய கடித உறைகள். கடிதங்களை அவரே எடுத்துக்கொண்டார். உறைகளில் ஒட்டியிருந்த ஸ்டாம்புகளில் ஆறில் கல் கோபுரம். ஹங்குல் எழுத்து கூட்டிக்கூட்டிப் படிக்கத் தெரியும், ஆனால் முத்திரை மை பாதியை மறைக்கிறது. அதனால் படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்:

ஒன்று, படிக்கட்டு, கைப்பிடிச் சுவர் எல்லாம் வைத்து நகைப்பெட்டி மாதிரி இருப்பது. இது 10 வோன் காசில் இருக்கும் கோபுரம்தான், அதுவரை தெரியும். இன்னொன்று மூன்று கூரை, அலங்காரமே இல்லை, மொட்டையாக ஆனால் அழகாக. அடுத்தது செங்கல் கட்டடம் மாதிரி, நடுவில் வாசல் வைத்தது. அப்புறம் நாலு சிங்கம் சேர்ந்து தலையில் தாங்குவது. அடுத்தது ஒல்லியாக உயரமாக, உடம்பு முழுக்கச் சிற்பம், எண்ணினால் பத்து அடுக்கு வருகிறது.

ஆறாவதுதான் குழப்பம். பெரிய கோபுரம், ஆறு அடுக்கு, அதோடு நின்றுவிட்டது. உச்சியில் கலசமும் இல்லை, ஒன்றும் இல்லை. அச்சில் மேல்பாதி விட்டுப்போயிற்றா?

சரி, கேள்வி இதுதான். இவற்றின் பெயர் என்ன, எங்கே இருக்கின்றன? கிளம்புவதற்குள் இரண்டு மூன்றையாவது நேரில் பார்த்துவிட ஆசை. ஸ்டாம்பைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றால் அப்படியே பொருந்துகிற கோபுரம் எது?


சுண்டல்ராஜா:

தலைப்பில் நல்லவேளை, இந்தக் கோபுரங்களை இங்கிலீஷில் சொல்கிற மாதிரி பகோடா என்று போடவில்லை. போட்டிருந்தால் நான் தட்டோடு வந்திருப்பேன்.

மேல்பாதி இல்லாத ஸ்டாம்பைப் பத்திரமாக வையுங்கள் மேடம். பிழை அச்சு என்றால் ஏலத்தில் கொத்திக்கொண்டு போவார்கள். மற்றதெல்லாம் புல்குக்சா கோயில் கோபுரங்களாகத்தான் இருக்கும், கொரியா என்றால் அதுதானே.


கூரைக்கல்:

ராஜா, அவசரப்படாதீர்கள். அது பிழை அச்சு இல்லை. அந்தக் கோபுரமே அப்படித்தான்.

நான் உல்சானில் கப்பல் கட்டும் வேலையில் ஒன்பது வருஷம் இருந்தவன். பக்கத்திலேயே கியோங்ஜு. லீவு கிடைத்தால் பஸ் ஏறிவிடுவேன். கட்டடம் இருக்கிற ஸ்டாம்பு மட்டும்தான் சேர்ப்பேன், அதிலும் கொரியக் கற்கோபுரம் என்றால் கைச்செலவு பார்க்க மாட்டேன். எழுபதுகளின் கடைசியில் அவர்கள் கற்கோபுரங்களையே வரிசையாக ஸ்டாம்பில் போட்டார்கள். உங்கள் டின்னில் இருப்பது பெரும்பாலும் அந்த வரிசைதான் என்று நினைக்கிறேன்.

முதலில் எண்ணுகிற முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் தப்பும். கீழே இருக்கும் பீடத்தை எண்ணக்கூடாது. அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கூரைக்கற்களை மட்டும் எண்ணுங்கள். எத்தனை கூரையோ அத்தனை அடுக்கு. அநேகமாக 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில்தான் வரும். பத்து வந்தால் அது தனி ஜாதி, அதைக் கடைசியில் பார்ப்போம்.

மொட்டையாக ஆனால் அழகாக என்றீர்களே, அதைச் செதுக்கியவன் கேட்டால் சந்தோஷப்படுவான். அது சொக்காதாப். நகைப்பெட்டி மாதிரி இருப்பது தாபோதாப். இரண்டும் கியோங்ஜுவில், புல்குக்சா கோயிலின் ஒரே முற்றத்தில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. 751 வாக்கில், சில்லா என்ற பழைய கொரிய அரசின் காலத்தில் கட்டியவை. சொக்காதாப்பின் கூரைக்கல்லுக்கு அடியில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் படிகளாக உள்வாங்கும். நேரில் எண்ணினால் ஐந்து. சில்லா மூன்றடுக்குக் கோபுரத்தின் அடையாளமே அந்த ஐந்து படி. அலங்காரத்தை எல்லாம் உதறிவிட்டு அளவை மட்டும் நம்பி நிற்கிற கோபுரம். தாபோதாப்பை ஐந்து நிமிஷம் வாய் பிளந்து பார்ப்போம், அதற்கப்புறம் திரும்பி சொக்காதாப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். என் அனுபவம் இது, மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சொக்காதாப்புக்கு நிழலில்லாத கோபுரம் என்று இன்னொரு பெயர். பேக்ஜே நாட்டிலிருந்து வந்த சிற்பி அசாதால். அவனைத் தேடி வந்த மனைவியைக் கோயிலுக்குள் விடாமல், கோபுரம் முடிந்ததும் அதன் நிழல் அந்தக் குளத்தில் விழும், அங்கே காத்திரு என்று அனுப்பினார்கள். நிழல் விழவே இல்லை. அவள் குளத்தில் விழுந்தாள். கதைதான். ஆனால் குளம் இருக்கிறது, நான் போயிருக்கிறேன். எந்தக் கோபுரத்தின் நிழலும் அவ்வளவு தூரம் வராது.

கதை இல்லாத சம்பவம் ஒன்று. 1966 செப்டம்பரில் திருடர்கள் சொக்காதாப்பை நெம்பிப் பார்த்தார்கள், கற்கள் நகர்ந்துவிட்டன. சரிசெய்ய அக்டோபரில் பிரித்தபோது உள்ளிருந்து ஒரு காகிதச் சுருள் கிடைத்தது. 620 சென்டிமீட்டர் நீளம், மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த புத்த தாரணி, அதாவது மந்திரம். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய மரப்பலகை அச்சு அதுதான் என்கிறார்கள். அதே வேலையில் தாங்குமரம் முறிந்து கூரைக்கல் ஒன்று கீழே விழுந்து உடைந்த கூத்தும் நடந்தது. 2012இல் மறுபடி முழுக்கப் பிரித்து 2016இல் முடித்தார்கள். ஆக ஸ்டாம்பில் இருக்கும் சொக்காதாப் வேறு, இன்று நீங்கள் பார்க்கப்போவது வேறு என்று அடம்பிடித்தால் பிடிக்கலாம். கல் அதே கல்தான்.

வாசல் வைத்த செங்கல் கோபுரம் புன்ஹ்வாங்சா. அதுவும் கியோங்ஜு. செங்கல் இல்லை அது! ஆண்டிசைட் என்கிற எரிமலைப் பாறையைச் செங்கல் அளவுக்கு வெட்டி வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். 634, அரசி சொன்தொக் காலம். இப்போது மூன்று அடுக்கு. ஆதியில் ஏழோ ஒன்பதோ. நீங்கள் கேட்ட "அப்படியே பொருந்தும்" கோபுரம் இதுதான். 1915இல் ஜப்பானியர் சரிசெய்த உருவத்திலேயே இன்றும் நிற்கிறது.

நாலு சிங்கம் ஹ்வாஓம்சா, சிரிசான் மலையடிவாரத்தில். சிங்கங்களுக்கு நடுவே ஒரு ஆள் கைகூப்பி நிற்கிறாரா பாருங்கள். ஸ்டாம்பில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். கோயிலை நிறுவிய துறவி யோன்கியின் அம்மா என்பது நம்பிக்கை. எதிரே ஒரு கல்விளக்கு, அதைத் தலையில் தாங்கி முட்டி போட்டு ஒருவர் தேநீர்க் கிண்ணத்தை நீட்டுகிறார். அவர்தான் மகனாம். பத்து வருஷத்துக்கு மேல் பிரித்துப் போட்டு வைத்திருந்தார்கள். 2021இல் திரும்ப எழுந்தது.

இப்போது உங்கள் ஆறடுக்கு. இக்சானில் உள்ள மிருக்சா கோபுரம். கொரியாவில் மிஞ்சியிருக்கும் கற்கோபுரங்களில் ரொம்பப் பெரியது, ரொம்பப் பழையது. ஒன்பது அடுக்காக எழுப்பியிருக்க வேண்டும், ஒரு பக்கம் சரிந்து ஆறுதான் நின்றது. 1915இல் ஜப்பானியர், மேலும் சரியாமல் இருக்க, சரிந்த பக்கத்தில் கான்கிரீட்டை ஊற்றி முட்டுக்கொடுத்தார்கள். உங்கள் ஸ்டாம்பு அச்சான காலத்தில் முதுகில் அந்தக் கான்கிரீட்டைச் சுமந்துகொண்டுதான் அது நின்றது. 2001இல் பிரிக்கத் தொடங்கினார்கள். கான்கிரீட் மட்டும் 185 டன். கல்லுக்கு வலிக்காமல் சுரண்டி எடுக்கவே வருஷக்கணக்கில் ஆயிற்று.

2009 ஜனவரியில் முதல் அடுக்கின் நடுத்தூண் கல்லில் ஒரு குழி. அதற்குள் தங்கக் கலசம், எழுத்துப் பொறித்த தங்கத் தகடு. 639ஆம் ஆண்டு, பேக்ஜே அரசி எடுப்பித்தது என்று தகடு சொல்கிறது. அந்த அரசி பேக்ஜே பிரபு சதேக் ஜொக்தொக்கின் மகள். அதுவரை எல்லோரும் சில்லா இளவரசி சொன்ஹ்வா கட்டியது என்றே கதை சொல்லி வந்தார்கள். கிழங்கு விற்ற பையன் பாட்டுக் கட்டி இளவரசியைக் கவர்ந்து கடைசியில் ராஜாவான கதை. கொரியாவில் குழந்தைக்கும் தெரியும். ஒரு தகடு அத்தனையையும் கலக்கிவிட்டது.

திருப்பணி முடிந்து 2019இல் திறந்தார்கள். மறுபடியும் ஆறடுக்குதான், பதினாலரை மீட்டர். மேலே என்ன இருந்தது என்பதற்குச் சான்று இல்லை, ஆகவே கற்பனையில் கட்ட மாட்டோம் என்று நிறுத்திவிட்டார்கள். சரிந்த பக்கம் சரிந்த மாதிரியே படிப்படியாக முடிகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் பக்கத்தில் கிழக்குக் கோபுரத்தைப் பாருங்கள். 1993இல் ஒன்பது அடுக்கையும் இயந்திரத்தில் அறுத்த புதுக்கல்லில் எழுப்பியது. பளபளவென்று, கல்யாண மண்டபம் மாதிரி.

தேஜொனிலிருந்து இக்சான் கிட்டத்தில்தான். போகிற வழியில் புயோவில் இறங்கினால் ஜோங்னிம்சா ஐந்தடுக்கு. உங்கள் டின்னில் இல்லாவிட்டாலும் விடாதீர்கள். 660இல் பேக்ஜேயை வீழ்த்திய சீனத் தாங் அரசின் தளபதி சு திங்பாங், தன் வெற்றியை அந்தக் கோபுரத்தின் முதல் அடுக்கிலேயே வெட்டி வைத்துவிட்டுப் போனான். தோற்றவர்களின் கோபுரத்தில் ஜெயித்தவன் கல்வெட்டு. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தெரியும்.

பத்தடுக்கு பற்றி அப்புறம் எழுதுகிறேன், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.


மழைத்தாள்:

கூரைக்கல் அண்ணா, இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. கைகூப்பிய அம்மா இருக்கிறார்! என் வீட்டு லென்ஸ் மருந்துச் சீட்டு படிக்கிற லென்ஸ்தான், அதிலேயே தெரிந்தது.

ஒரு தப்பு பண்ணிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரிக்கலாம் என்று எங்கோ படித்து, நான்கு உறைகளைக் கத்தரித்து ஒரே கிண்ணத்தில் போட்டேன். அதில் ஒன்று ஓரத்தில் சிவப்புப் பட்டை போட்ட உறை. சாயம் கசிந்து சொக்காதாப் இப்போது ரோஸ் நிறத்தில் இருக்கிறது. தாபோதாப்புக்கும் வலது பக்கம் கொஞ்சம். பயந்துபோய் மிச்ச இரண்டையும் தொடவில்லை. அவை மிருக்சாவும் பத்தடுக்கும்.

மிருக்சா உறையில் முத்திரை நன்றாக விழுந்திருக்கிறது. ஊர்ப்பெயர் "இரி" என்று படிக்கிறேன். வரைபடத்தில் அப்படி ஒரு நகரமே இல்லை. தேதி 78. 11. 4. எழுபத்தெட்டாம் தேதி எந்த மாதத்திலும் வராதே என்று அரை நாள் யோசித்தேன், சிரிக்காதீர்கள்.


பழைய உறை:

சிரிக்கவில்லை அம்மா. அழுகிறேன், கத்தரிக்கோலை நினைத்து.

இந்தப் பக்கம் அதிகம் எழுதுகிறவன் இல்லை நான். ஆனால் "மிச்ச இரண்டையும் தொடவில்லை" என்ற வரியைப் படித்ததும் உடனே எழுத வேண்டும் என்று தோன்றியது. தொடவே தொடாதீர்கள். பிரித்த ஸ்டாம்பு ஆயிரம் கிடைக்கும். உறையோடு, முத்திரையோடு, போன இடம் வந்த இடத்தோடு கிடைப்பதுதான் அரிது. ஸ்டாம்பு பேசாது, உறைதான் பேசும்.

கொரிய முத்திரையில் வருஷம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள். உங்களுடையது 1978 நவம்பர் 4.

இரி என்பது ஊர்தான், நீங்கள் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1995இல் இரி நகரத்தையும் இக்சான் வட்டாரத்தையும் சேர்த்து ஒரே நகராக்கி, இக்சான் என்று பெயர் வைத்தார்கள். அதாவது மிருக்சா கோபுரம் நிற்கிற ஊரிலேயே, மிருக்சா கோபுர ஸ்டாம்பு ஒட்டி, அந்த ஊர் முத்திரை விழுந்த கடிதம். இப்படிப் படமும் ஊரும் பொருந்துவதற்காகவே அட்டைகளைத் தூக்கிக்கொண்டு அந்தந்தத் தபால் நிலையத்துக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்குப் பிஸ்கட் டின்னில் வந்திருக்கிறது.

இன்னொன்று. 1977 நவம்பர் 11 இரவு இரி ரயில் நிலையத்தில் வெடிமருந்து ஏற்றிய சரக்கு ரயில் வெடித்தது. 59 பேர் இறந்தார்கள், நிலையத்தைச் சுற்றியிருந்த வீடுகள் தரைமட்டம். உங்கள் கடிதம் அதற்கு ஒரு வருஷம் நிறைய ஒரு வாரம் இருக்கும்போது போட்டது. பாட்டியிடம் பேச்சுக்கொடுத்துப் பாருங்கள், அங்கே அவருக்கு யார் இருந்தார்கள் என்று.

சாயம் பட்டதை ஒன்றும் செய்யாதீர்கள். எலுமிச்சை, சோப்பு என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். இனி ஊறவைப்பதானால் கலர் காகிதத்தைத் தனிக் கிண்ணத்தில், பச்சைத் தண்ணீரில். எடுத்ததும் முகம் கீழாக வெள்ளைக் காகிதத்தில் கவிழ்த்து உலரவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறும்.


கூரைக்கல்:

இரி விஷயம் எனக்கே புதுசு. நன்றி ஐயா.

பத்தடுக்குக்கு வருகிறேன். சிக்கல் என்னவென்றால் கொரியாவில் பத்தடுக்குப் பளிங்குக் கோபுரம் என்று பிரசித்தமானவை இரண்டு, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். மூத்தது கியோங்சொன்சா, 1348, கொரியோ காலத்துக் கடைசி. இளையது வொன்காக்சா, 1467, ஜோசொன் அரசர் செஜோ எடுத்தது, மூத்ததைப் பார்த்தே செய்தது. பீடம், முதல் மூன்று அடுக்கின் மூலைகள் மடிந்து மடிந்து வருவது, நாலாவதிலிருந்து சதுரமாவது, எல்லாம் ஒன்று போலவே. அரை விரல் அகல ஸ்டாம்பில் படத்தை வைத்து நான் பிரித்துச் சொல்ல மாட்டேன், சொன்னால் அது பந்தா.

ஆனால் எழுத்தை வைத்துச் சொல்லலாம். பெயரில் எத்தனை எழுத்து தெரிகிறது? இரண்டாவது எழுத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிந்தாலும் போதும். அது நம் "ட" மாதிரியே இருந்தால் அந்த எழுத்து "சொன்", கோபுரம் கியோங்சொன்சா. "ட"வைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி இருந்தால் "காக்", கோபுரம் வொன்காக்சா.

எதுவாக இருந்தாலும் ஸ்டாம்பும் நேரில் பார்ப்பதும் பொருந்தாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கியோங்சொன்சா கதையைக் கேட்டால் வயிறு எரியும். ஆதியில் கேசோங் பக்கத்தில் இருந்தது. 1907இல் ஜப்பான் அரண்மனை அமைச்சர் தனகா மிட்சுஆகி பட்டத்து இளவரசர் கல்யாணத்துக்கு என்று வந்தவர், ஆயுதத்தோடு ஆட்களை அனுப்பிக் கோபுரத்தைப் பிரித்துத் தோக்கியோவுக்கு ஏற்றிவிட்டார். சியோலில் பத்திரிகை நடத்திய எர்னெஸ்ட் பெத்தெல் என்ற ஆங்கிலேயரும், ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கரும் விடாமல் எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். 1918இல் திரும்பி வந்தது, துண்டு துண்டாக. அப்படியே கிடந்து 1960இல்தான் கியோங்பொக்குங் அரண்மனை வளாகத்தில் சிமெண்ட் பூசி நிறுத்தினார்கள். மழையும் புகையும் பளிங்கைத் தின்ன, 1995இல் மறுபடி பிரித்தார்கள். 2005லிருந்து சியோல் தேசிய அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில், கூரைக்குக் கீழே நிற்கிறது. பதிமூன்றரை மீட்டர். மாடிக்கு மாடி ஏறி ஒவ்வொரு அடுக்கையும் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். எந்தக் கோபுரத்திலும் அந்த வசதி இல்லை.

வொன்காக்சா சியோலின் தாப்கோல் பூங்காவில். பூங்காவுக்கே தொண்ணூறுகள் வரை பகோடா பூங்கா என்றுதான் பெயர் (ராஜாவுக்காக). 1919 மார்ச் 1 விடுதலை அறிக்கை வாசித்த இடமும் அதுதான். மேல் மூன்று அடுக்கு ரொம்ப காலம் கழன்று தரையில் கிடந்தது. 1946இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் தூக்கி வைத்தார்கள். அப்புறம் அமில மழையும் புறா எச்சமும் படுத்திய பாட்டில், முழுக் கோபுரத்துக்கும் கண்ணாடிக் கூண்டு போட்டுவிட்டார்கள். ஸ்டாம்பில் கண்ணாடி இருக்காது.


சுண்டல்ராஜா:

பிழை அச்சு என்று சொன்ன என் வாயை அடைத்தாகிவிட்டது. பரிகாரமாக ஒரு துணுக்கு.

10 வோன் காசில் தாபோதாப் 1966லிருந்தே இருக்கிறது. 1983 மாதிரியில் கோபுரத்துக்குள் ஒரு சின்ன உருவம் சேர்ந்தது. அது புத்தர் சிலை, ஜனாதிபதித் தேர்தலில் ஜெயிக்க வேண்டி வேட்பாளர் நோ தே-வு ரகசியமாகச் செருகச் சொன்னது என்று 1987 வாக்கில் ஊரெல்லாம் வதந்தி. கடைசியில் அது சிங்கம்! தாபோதாப்பில் நாலு சிங்கம் இருந்ததாம், இப்போது ஒன்றுதான் மிச்சம். அந்த ஒற்றைச் சிங்கத்தைத்தான் காசில் போட்டிருந்தார்கள். மேடம், உங்கள் ரோஸ் தாபோதாப்பில் சிங்கம் உண்டா?

அண்ணா, மற்ற மூன்று சிங்கம் எங்கே போயிற்று? தாபோதாப் எத்தனை அடுக்கு? கூரையை எண்ணச் சொன்னீர்களே, அதில் கூரை ஒன்றுதானே இருக்கிறது.


கூரைக்கல்:

மாட்டிவிட்டீர்கள். தாபோதாப்பில் என் கணக்கு செல்லாது. இரண்டு என்பார்கள், மூன்று என்பார்கள், நாலு என்றும் சொல்வார்கள். அறிஞர்களே கைகலக்காத குறை.

சிங்கங்கள் ஜப்பானிய ஆட்சிக் காலத்தோடு காணாமல் போனவை. 1925 வாக்கில் கோபுரத்தையே பிரித்துச் சேர்த்தார்கள், அதற்கு ஒரு குறிப்புக்கூட எழுதி வைக்கவில்லை. உள்ளே என்ன இருந்தது, எங்கே போனது, எதுவும் இல்லை. மிஞ்சிய சிங்கத்துக்கு முகத்தில் அடி. அதனால்தான் திருடர்கள் விட்டுவைத்தார்கள் என்று கியோங்ஜுவில் ஒரு வழிகாட்டி என்னிடம் சொன்னார். காசு மாதிரியே பெரிய ரொட்டி சுட்டு, உள்ளே சீஸ் வைத்து அந்த ஊரில் விற்கிறார்கள். அதில் சிங்கம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை, சாப்பிட்டுவிட்டேன்.


மழைத்தாள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

முதலில் எழுத்து. மருந்துச்சீட்டு லென்ஸோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். முத்திரையின் வட்டம் இரண்டாவது எழுத்தைக் குறுக்கே வெட்டுகிறது, ஆனால் அடியில் கவிழ்ந்த "ட" தெளிவாக இருக்கிறது. வொன்காக்சா! இதைக் கண்டுபிடித்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரி" என்றார்.

சியோல் போனோம். தாப்கோல் பூங்காவில் கண்ணாடிக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கம் நின்றாலும் கோபுரத்தின் நாலாவது அடுக்கில் மரம் முளைத்திருக்கிறது, கீழே நான் நிற்கிறேன். எல்லாம் கண்ணாடியில் விழுகிற நிழல். ஸ்டாம்பைத் தூக்கிப் பிடித்து எடுத்த படத்தில் ஸ்டாம்பு இரண்டாக விழுந்திருக்கிறது. நிழலே விழாத கோபுரத்தைப் பற்றி நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. மதியம் அருங்காட்சியகத்தில் மூத்த கோபுரம் கியோங்சொன்சாவைப் பார்த்தோம், மாடிக்கு மாடி ஏறி. எட்டாவது அடுக்கை அவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடியும் என்று யார் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டேன்.

புயோவில் மேகம், சு திங்பாங் எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. கியோங்ஜு அடுத்த வாரம். ராஜா சார், என் தாபோதாப்பில் சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புச் சாயம்தான் இருக்கிறது. மன்னிக்கவும்.

இக்சானுக்கு அந்த உறையோடு போனேன், பிளாஸ்டிக் கவரில் போட்டு. ஸ்டாம்பில் இருப்பதைவிடக் கோபுரம் வெளுப்பு. புதுக்கல் செருகிய இடம் தனியாகத் தெரிகிறது, மறைக்க முயலவில்லை. சரிந்த பக்கம் நீங்கள் சொன்ன மாதிரி படிப்படியாக இறங்குகிறது. முதல் அடுக்கின் வாசலுக்குள் எட்டிப் பார்த்தேன், நடுத்தூண் தெரிந்தது. அந்தக் கல்லுக்குள்ளா தங்கத் தகடு இருந்தது!

அங்கிருந்தே பாட்டிக்குப் போன் போட்டேன். கடிதம் எழுதியது அவர் தங்கையாம். வெடிப்பில் அவர்கள் வீட்டு ஜன்னல் ஒன்றுகூட மிஞ்சவில்லை, அந்தக் குளிர்காலம் முழுக்கக் காகிதம் ஒட்டிச் சமாளித்தார்களாம். மறுவருஷம் புது ஜன்னல் வைத்ததைச் சொல்லத்தான் அந்தக் கடிதம். ஸ்டாம்பில் என்ன படம் என்று அவர் கவனித்ததே இல்லை. மிருக்சா கோபுரம் என்றதும் சிரித்தார். பள்ளிக்கூடத்தில் உல்லாசப் பயணம் போனால் அங்கேதான் போவார்களாம், சிமெண்ட் பூசின பக்கம் கால் வைத்து ஏற வசதியாக இருக்குமாம், வாத்தியார் பார்க்காதபோது இவரும் தங்கையும் மூன்றாவது அடுக்கு வரை ஏறியிருக்கிறார்கள்.

"இப்போ முழுசாக் கட்டிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை பாட்டி, ஆறடுக்குதான், ஒரு பக்கம் சரிந்த மாதிரியே விட்டிருக்கிறார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இருபது வருஷம் வேலை பார்த்தாங்களே" என்றார்.